நிறுத்தக்குறிகளை நீக்கிய கவிஞர்: அப்போலினேரின் வாழ்க்கையும் படக்கவிதையும்

சுண்ணாம்பாறு எழுதியது:

புதுச்சேரியில் முப்பது ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் ஒரு நாள், கரும்பலகையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, சற்றே சாய்ந்த ஐந்து வரிகளாக எழுதிவிட்டு, "படியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பேன். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தலையைச் சாய்ப்பார்கள். ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் நாலைந்து நொடி போய்விடும். அது பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்போலினேரின் "மழை பெய்கிறது" என்னும் கவிதை. நான் பணியிலிருந்த கடைசி ஆண்டில் ஒரு மாணவி எழுந்து, "மேடம், இது கவிதையா, ஓவியமா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

அப்போலினேர் பிறந்தது 1880 ஆகஸ்ட் 26, ரோம் நகரில். தாய் போலந்துப் பிரபு மரபைச் சேர்ந்தவர். தந்தையின் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. வில்ஹெல்ம் அப்போலினாரிஸ் கொஸ்த்ரோவிட்ஸ்கி என்ற நீண்ட பெயரிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பிரெஞ்சு ஒலிக்கு மாற்றிப் புனைபெயராக்கினார். மொனாக்கோவிலும் கானிலும் நீசிலும் படித்து, இருபது வயதை ஒட்டிப் பாரிஸ் வந்து, வங்கியில் எழுத்தராகவும் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் ஒரு செல்வர் வீட்டில் ஆசிரியராகவும் பிழைத்தார். எந்த மொழியில் பெரும் கவிஞரானாரோ அந்த மொழியின் நாட்டில் அவர் நெடுங்காலம் அயலாராகவே இருந்தார் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1911இல் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசா காணாமற்போனபோது, அவரிடம் முன்பு வேலை பார்த்த ஒருவன் அதே அருங்காட்சியகத்திலிருந்து சிறு சிலைகளைத் திருடியிருந்த காரணத்தால், சந்தேகம் இவர்மேல் விழுந்தது. செப்டம்பரில் சாந்தே சிறையில் சில நாள் அடைக்கப்பட்டார். குற்றம் ஏதும் செய்யாதவர். ஆனால் அந்தச் சில நாளில், "வெளிநாட்டான்" என்று பத்திரிகைகள் எழுதியதை அவர் மறக்கவே இல்லை.

1913இல் "ஆல்கூல்" என்ற தொகுப்பு வந்தது. பதினைந்து ஆண்டுக் கவிதைகள். அச்சுப்படி திருத்தும் நிலையில் நூல் முழுவதிலும் இருந்த காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி அனைத்தையும் அடித்து நீக்கினார். கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கம், அடியின் ஓசையும் அது வெட்டுப்படும் இடமுமே உண்மையான நிறுத்தக்குறி, வேறு எதுவும் தேவையில்லை என்பது. அடுத்த ஆண்டில் எழுத்துகளையே பக்கத்தில் உருவமாக அடுக்கத் தொடங்கினார். அவை 1918 ஏப்ரலில் "கலிகிராம்" என்ற நூலாயின. அந்தச் சொல்லே அவர் ஆக்கியதுதான். கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கும் போக்கைக் குறிக்கும் "சர்ரியலிசம்" என்ற சொல்லையும் 1917இல் உலகுக்குத் தந்தவர் அவரே. அதே 1918 நவம்பர் 9 அன்று, ஐரோப்பா முழுவதும் பரவிய விஷக்காய்ச்சலில் இறந்தார். முதல் உலகப்போர் நிறுத்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த உருவங்கள் பொருளின்மேல் பூசிய அலங்காரம் அல்ல. படிக்கும் வேகத்தைக் கவிஞர் தம் கையில் எடுத்துக்கொள்ளும் வழி அது. மழையை அவர் வரையவில்லை. மழை விழும் மெதுவான நேரத்தை நம் கண்ணுக்குக் கொடுத்தார்.

கெடிலக்கரை எழுதியது:

அம்மா, வணக்கம். கடலூரில் தமிழாசிரியனாக இருக்கிறேன். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். வாழ்க்கையைச் சொன்ன பகுதி மனத்தைத் தொட்டது. முடிவோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

உருவத்தில் எழுத்தை அடைப்பது நமக்குப் புதிதன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் நாகபந்தம், சக்கரம், கோமூத்திரி என்று வரிசையாக இலக்கணம் இருக்கிறது. பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல்கள் ஒன்றையொன்று வெட்டும் கட்டத்தில் ஒரே எழுத்து இரு பாட்டுக்கும் பொதுவாக நிற்க வேண்டும். அப்படி அமைப்பதற்குக் கணக்குப் போடும் மூளை வேண்டும். அத்தனை உழைப்பும் போட்ட பிறகு கையில் மிஞ்சுவது என்ன? பாம்பை ரசிக்கிறோம், பாட்டை யாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றும் (முன்பின்னாகப் படித்தாலும் மாறாத பாட்டு) எழுகூற்றிருக்கையும் (எண்கள் ஏறி இறங்க அமைந்த பாட்டு) விலக்கு. அங்கே பக்தியும் இசையும் வடிவத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. பிற்காலத்தில் அரசவைகளிலும் மடங்களிலும் சித்திரகவி என்னும் இவ்வகை உருவப் பாட்டு பெருகிய காலமே நம் கவிதை வற்றிய காலம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. நாம் பட்டுத் தெளிந்த ஒன்றை, பாரிசிலிருந்து வந்தது என்பதற்காகப் புதுமை என்று கொண்டாட வேண்டுமா என்பதே என் கேள்வி.

நிறுத்தக்குறியை நீக்கியதும் அப்படித்தான். ஓலைச்சுவடியில் காற்புள்ளி ஏது? மெய்யெழுத்தின் புள்ளியே பெரும்பாலும் இருக்காது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வைத்திருக்கும் சுவடிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளிகூட இன்றி வரி ஓடும். யாப்பைக் கொண்டுதான் பிரித்துப் படிக்கிறோம். அவர் 1913இல் வந்து சேர்ந்த இடத்தில் நாம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறோம்.

சுண்ணாம்பாறு எழுதியது:

ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். சித்திரகவியோடு ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது.

ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். நாகபந்தத்தில் பாம்பு முன்பே வரையப்பட்டுவிடுகிறது. எந்தக் கவிஞர் எழுதினாலும், எதைப் பற்றி எழுதினாலும், அதே பாம்புதான். கட்டத்தை நிரப்புவதே திறமை. அப்போலினேரின் கவிதைகளில் உருவம் அந்த ஒரு கவிதைக்கே உரியது. "குத்துண்ட புறாவும் நீரூற்றும்" என்ற கவிதையில் மேலே சிறகு விரித்த புறாவின் உடலாக அவர் காதலித்த பெண்களின் பெயர்கள் நிற்கின்றன. அதன் கீழே நீரூற்றின் தாரைகளாகப் போருக்குப் போன நண்பர்கள் எங்கே, எங்கே என்று கேட்கும் வரிகள் மேலெழுந்து இருபுறமும் வளைந்து விழுகின்றன. விழுந்து சேரும் தொட்டி, உற்றுப் பார்த்தால் ஒரு கண்ணாகவும் தெரியும். அந்த வரிகளை நேர்வரியாக எழுதிப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. ஊற்றாக இருக்கும்போது ஒவ்வொரு பெயரும் எழும்பிச் சரிகிறது.

நிறுத்தக்குறிக்கு வருகிறேன். "மிராபோ பாலம்" கவிதை முதலில் ஓர் இதழில் வந்தபோது குறிகள் இருந்தன. மூன்றடிப் பத்திகளாக இருந்தது. நூலாக்கும்போது குறிகளை நீக்கியதோடு நடுவடியை இரண்டாக உடைத்தார். பாலத்தின் கீழே சேன் ஆறு ஓடுகிறது என்பது முதலடி. அடுத்த சிறிய அடியில் "நம் காதல்களும்" என்று மட்டும் இருக்கிறது. அதன்பின் "எனக்கு அது நினைவுக்கு வரத்தான் வேண்டுமா" என்று தொடர்கிறது. காதல்களும் ஆற்றோடு ஓடுகின்றனவா, அல்லது நினைவுக்கு வருவது அந்தக் காதல்களா? குறி இருந்திருந்தால் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். குறி இல்லாததால் இரண்டும் ஒரே மூச்சில் நிற்கின்றன.

கெடிலக்கரை எழுதியது:

இதற்கு நம்மிடம் பெயரே உண்டு, அம்மா. தாப்பிசைப் பொருள்கோள். ஊஞ்சல் இரு பக்கமும் போய்வருவதுபோல நடுவில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று பொருள் கொள்வது. நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று. நீங்கள் சொன்ன அந்தச் சிறிய அடி அச்சாக அப்படி ஆடுகிறது.

ஆனால் இதை எழுதும்போதே என் முந்தைய வாதத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது. சுவடியில் குறி இல்லாதது யாரும் எடுத்த முடிவன்று. அன்றைய எழுத்துமுறையே அப்படி. அப்போலினேரோ இருந்த குறியை நீக்கியவர். குறி எங்கே வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகிய வாசகனின் கண், அது வராத இடத்தில் ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் சங்கப் பாட்டைக் கேட்டவனுக்கு இருந்திருக்காது. ஆகவே "நாம் முன்பே வந்துவிட்டோம்" என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சித்திரகவி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

ஈய எழுத்து எழுதியது:

ஆசிரியர்கள் இருவரும் பேசும் இடத்தில் அச்சகத்துக்காரன் ஒருவன் நுழைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடலூர்ப் புதுநகரில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கோப்பவனாக, இருந்தவன். கணினி வந்தபின் வெளியே வந்துவிட்டேன்.

கவிதை நல்லதா என்று என்னால் சொல்ல முடியாது. அதை அச்சில் ஏற்றியவரின் பாட்டைச் சொல்ல முடியும். ஈய எழுத்துக்குத் தெரிந்தது நேர்கோடும் செங்கோணமும்தான். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு செங்கட்டி. ஸ்டிக் என்னும் கைச்சட்டத்தில் வரிசையாக அடுக்கி, வரிக்கு வரி ஈயப்பட்டை வைத்து, காலி என்று நாங்கள் சொல்லும் தட்டில் இறக்கி, நாலு பக்கமும் கட்டை கொடுத்து இறுக்கினால்தான் ஃபாரம், அதாவது அச்சுக்கான பக்கக் கட்டு, நிற்கும். வரியைச் சாய்க்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் இடைவெளிக் கட்டையை அளந்து, மேலேயுள்ளதைவிட ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ வைக்க வேண்டும். வளைத்து அடுக்கினால் உள்ளே பொக்கை விழும். அதைக் காகிதமும் மரச்செதிலும் வைத்து அடைக்காவிட்டால் இயந்திரம் ஓடும்போது எழுத்து எகிறிவிடும். ஒரு சிறுபத்திரிகைக்காக ஒரு கவிதையை மாட்டுக்கொம்பு வடிவில் கோத்தது நினைவிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு முழு நாள் ஆயிற்று.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிரெஞ்சில் ஓர் எழுத்து ஒரு துண்டு. ஒன்றன்கீழ் ஒன்றாக விழவிடலாம். நம் "கொ" மூன்று துண்டு: கொம்பு, ககரம், கால். மழை விழுகிறது என்று சொல்லிக் கொம்பை ஒரு வரியிலும் ககரத்தை அடுத்த வரியிலும் விட்டால் எழுத்து செத்துப்போகும். உயிர்மெய்யாக, முழு எழுத்தாகத்தான் இறக்க வேண்டும். அப்போது ஒரு துளி ஒல்லியாகவும் அடுத்த துளி பருமனாகவும் இருக்கும். நம் ஊர் ஐப்பசி மழைக்கு அது பொருந்தவே செய்யும் என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்பாறு எழுதியது:

ஐயா, முப்பது ஆண்டுகள் இந்தக் கவிதையைக் கரும்பலகையில் எழுதினேன். அதை ஒருவர் கையால் கோத்திருப்பார் என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை. அதற்காக உங்களுக்கு நன்றி. நீங்கள் விரும்பக்கூடிய செய்தி ஒன்று: 1915இல் போர்முனையில் இருந்தபோது, பீரங்கிப் படையின் முகாமிலேயே, ஜெலட்டின் பரப்பில் ஊதா மையால் பிரதியெடுத்து, கட்டம் போட்ட கணக்குத் தாளில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மொத்தம் 25 பிரதிகள். அவை பின்னர் "கலிகிராம்" நூலுக்குள் ஒரு பகுதியாகச் சேர்ந்தன. கையால் எழுதிப் பிரதியெடுத்ததால் அங்கே செங்கட்டியின் தடை இல்லை. கோடுகளும் கையெழுத்தும் தாராளமாக அலைகின்றன.

சொல்தா வீட்டுப் பேரன் எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர்கள். பாட்டனாரின் தந்தை அந்த முதற்போருக்குப் போனவர். திரும்பி வந்தார், ஆனால் இடது காது கேட்காமல் வந்தார். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தை, சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடமாகத்தான் பலரும் அறிவார்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மாண்ட வீரர்களுக்கு என்று அதில் பொறித்திருக்கிறது. அது 1938இல் திறக்கப்பட்டது. சிறுவனாக ஜூலை 14 அன்று அங்கே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஆகவே எனக்கு வடிவத்தைப் பற்றிய கேள்வி இல்லை. போர் எத்தனை அழகு என்று எழுதியவர் இவர்தானே? குண்டு வெடிப்பதை வாணவேடிக்கை என்றும், அந்த ஒளியில் காதலியின் மார்பை நினைப்பதாகவும் எழுதியிருக்கிறார். கல்லூரியில் ஒரு பேராசிரியர் அதை வியந்து படித்தபோது நான் வகுப்பைவிட்டு வெளியேறினேன். சேற்றில் கிடந்து செத்தவர்களைப் பார்த்தவர் எப்படி அப்படி எழுத முடியும்? புதுமை என்ற பெயரில் எதையும் மன்னிக்கலாமா?

சுண்ணாம்பாறு எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. பிரான்சிலும் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை மறைக்காமல்தான் கற்பித்தேன்.

முதலில் அவர் அங்கே எப்படிப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். அவரைப் பிரான்ஸ் அழைக்கவில்லை. அயல்நாட்டவர் என்பதால் 1914 ஆகஸ்டில் கொடுத்த விண்ணப்பம் அப்போது பலிக்கவில்லை. டிசம்பரில்தான் நீம் நகரில் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு தாமாகவே காலாட்படைக்கு மாறி, நேரே பதுங்குகுழிக்குப் போனார். குடியுரிமை கிடைத்தது 1916 மார்ச்சில். கிடைத்துச் சில நாளே ஆகியிருந்தது. அதே மார்ச் 17 அன்று பதுங்குகுழியில் ஓர் இலக்கிய இதழைப் படித்துக்கொண்டிருந்தவரின் தலைக்கவசத்தைத் துளைத்துக் குண்டுச் சிதறல் நெற்றிப்பொட்டில் பாய்ந்தது. மே மாதம் மண்டையோட்டில் துளையிட்டு அறுவை செய்தார்கள். அதன்பின் அவர் பழைய மனிதராக இல்லை என்று நண்பர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். "கலிகிராம்" நூலை அவர் காணிக்கையாக்கியது இளமைத் தோழர் ரெனே தலீசுக்கு. தலீஸ் 1917இல் போர்க்களத்தில் இறந்தவர்.

நீங்கள் குறிப்பிட்ட வரி "குதிரைவீரனின் விடைபெறல்" என்ற எட்டடிக் கவிதையின் தொடக்கம். "ஆ கடவுளே" என்று அந்த வரி தொடங்குகிறது. பிரெஞ்சில் அதுவும் "போய்வருகிறேன்" என்பதும் காதுக்கு ஒரே ஒலி: "அதியே". கண்ணால் படிப்பவனுக்கு வியப்பு. காதால் கேட்பவனுக்கு இறுதி விடை. கடைசி அடிகளில் அந்த வீரன் அங்கே இறந்துபோகிறான். அவள் இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறாள். முதல் வரியை மட்டும் எடுத்துப் பேசினால் அது போரைப் புகழ்வது. எட்டு வரியையும் படித்தால், புகழ்ந்தவனைக் கவிதையே மண்ணில் தள்ளுகிறது.

வாணவேடிக்கைக் கவிதைகளுக்கு இந்தச் சமாதானம் முழுதும் பொருந்தாது. அவர் அந்த ஒளியை உண்மையாகவே அழகாகக் கண்டார், அதை மறைக்காமல் எழுதினார். அந்த இடத்தில் உங்கள் கொள்ளுப்பாட்டனாரின் காது என் வாதத்தைவிடப் பெரியது. அதோடு நான் வழக்காடமாட்டேன்.

சொல்தா வீட்டுப் பேரன் எழுதியது:

நன்றி, அம்மா. எட்டு வரியையும் நான் அப்போது கேட்கவில்லை. முதல் இரண்டிலேயே எழுந்துவிட்டேன். இப்போது படித்துப் பார்க்கிறேன். ஒப்புக்கொள்கிறேன் என்று மட்டும் இப்போதே சொல்லமாட்டேன்.

வைத்திக்குப்பம் எழுதியது:

எனக்கு ஒரு சிறு கேள்வி. நான் கவிதை எழுதிப் பழகுபவன். உருவக் கவிதையைத் தவிர அவர் வேறு ஏதேனும் புதிதாகச் செய்தாரா? படம் வரைவது எனக்குக் கைவராது.

சுண்ணாம்பாறு எழுதியது:

"கிறிஸ்தின் தெருவில் திங்கட்கிழமை" என்ற கவிதையைத் தேடிப் படியுங்கள், தம்பி. படமே இல்லை. உணவுக்கடை ஒன்றில் அமர்ந்திருப்பவரின் காதில் விழும் பேச்சுத் துண்டுகளை, யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று காட்டாமல் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஒருவர் தாம் தர வேண்டிய கடனைச் சொல்கிறார், இன்னொருவர் பயணம் பேசுகிறார், நடுவே அடுக்கிய தட்டுகள். எதையும் இணைத்துச் சொல்லவில்லை. நம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் காதைத் திறந்து வைத்தால் உங்களுக்கும் அத்தகைய வரிகள் கிடைக்கும். எதை விடுவது என்பதுதான் கடினம். அவர் தம் குரலில் படித்த "மிராபோ பாலம்" போருக்கு முன்பே பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதையும் கேளுங்கள். ஓதுவதுபோல இழுத்துப் படிக்கிறார். குறி இல்லாத இடங்களில் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

இரண்டு நாளாக ஒரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; அதை இங்கே வைத்துவிடுகிறேன். 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். அப்போலினேர் குறிகளை நீக்கி, வரியை உடைத்து, பேச்சைக் கவிதையாக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இங்கே ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருந்தவர் யாப்பை முழுதும் கைவிட்டுக் "காட்சி" என்ற வசன கவிதைகளை எழுதினார். பந்தலில் தொங்கும் இரண்டு கயிறுகளோடு பேசும் பகுதியை நினைத்துப் பாருங்கள். காற்றில் ஆடும் கயிற்றுக்குப் பெயர் வைத்து, அதன் ஊடலையும் கூடலையும் எழுதுகிறார். எந்த அலங்கார நூலும் அதற்கு இடம் தந்திராது.

ஒருவரை ஒருவர் அறிந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. தொடர்பு கற்பிக்க நான் முயலவில்லை. ஆனால் போர் 1918 நவம்பர் 11இல் நின்றது. பாரிசில் அப்போலினேர் இறந்து இரண்டு நாள். போர் முடிந்ததென்று பாரதி புதுச்சேரியைவிட்டுப் புறப்பட்டு, நவம்பர் 20 அன்று எங்கள் கடலூர் எல்லையில் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். இருவரும் இறந்தபோது வயது முப்பத்தெட்டு. இருவரும் சிறை கண்டவர்கள். இருவருக்கும் புதுச்சேரியோ பாரிசோ பிறந்த மண் அன்று; அடைக்கலம் புகுந்த மண். பழைய வடிவம் போதவில்லை என்ற எண்ணம் புகலிடத்தில் இருப்பவனுக்கு முதலில் வருமோ என்று தோன்றுகிறது.

சித்திரகவி பற்றிய என் கருத்தில் இப்போது ஒரு திருத்தம். வடிவம் முன்பே இருந்து கவிஞன் அதில் குடியேறினால் அது புலமை. நீங்கள் சொன்ன ஊற்றைப்போலக் கவிதையோடு பிறந்தால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும். ஒன்று செய்து பார்க்கலாமா? அந்த மழைக் கவிதையைத் தமிழில் தாருங்கள், அம்மா. ஈய எழுத்து ஐயா கோத்துத் தரட்டும்.

சுண்ணாம்பாறு எழுதியது:

முதல் வரியை மட்டும் பல ஆண்டுகளுக்கு முன் செய்து வைத்திருக்கிறேன். மழை பெய்கிறது, பெண்களின் குரல்கள், நினைவில்கூட இறந்துவிட்டவைபோல. மூலத்தில் "பெய்கிறது" என்பதே முதலில் விழுகிறது. நம் மொழியில் வினை கடைசியில் வர விரும்புகிறது. வினையை மேலே வைத்தால் மொழி சற்று முறுகுகிறது. கீழே வைத்தால் மழை தரையைத் தொட்டபின்தான் மழை என்றே தெரிகிறது. இன்னும் முடிவுசெய்யவில்லை.

ஈய எழுத்து எழுதியது:

கீழேயே வையுங்கள், அம்மா. "பெய்கிறது" என்பதில் ஐந்து எழுத்து இருக்கிறது. அடியில் பாரமாக நின்றால்தான் வரி சாயாமல் நிற்கும். வீட்டில் ஒரு கேஸ் பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பழைய கைப்பிடி அச்சும் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. ஐந்து வரியும் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று எண்ணி அனுப்புங்கள். எழுத்து மிகுந்துவிட்டால் அரை டெமித் தாள் உயரம் போதாது. பெரிய தாளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.